ஹாலில் யாரும் படுக்கக் கூடாது

படிக்கட்டுத் திருப்பத்தில் சவப்பெட்டி மாட்டிக்கொண்டது. மேலேயும் ஏறவில்லை, கீழேயும் இறங்கவில்லை. தூக்கி வந்த நால்வரும் அவள் கணவரோடு பஸ் ஓட்டியவர்கள். "கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்கண்ணே," என்றார் கீழே நின்றவர். சொன்ன பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவர் இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

"அப்பவே சொன்னேன்," என்றார் கணவரின் அண்ணன், மேல்படியில் நின்றபடி. "ஹால்லயே வச்சிருக்கலாம். நாளைக்கு எப்படியும் குழிக்குள்ள போகப்போறவன். இன்னைக்கே எதுக்கும்மா எறக்குற?"

"இது குழி இல்ல அத்தான். ரூமு."

"ஆமா, ரூமு," என்றார் அவர்.

அவர் வீடு வாங்கி விற்கும் தரகர். தம்பி வீட்டில் தரைக்குக் கீழே, மழை பெய்தால் தண்ணீர் ஊறிய அந்த பேஸ்மென்டுக்குக் கிணறு என்று பெயர் வைத்ததே அவர்தான். நாலு பேர் கூடும் இடத்தில் "கிணத்துல எவ்வளவு தண்ணி கெடக்கு?" என்று கேட்பார். சொந்தபந்தம் முழுக்கச் சிரிக்கும். அவள் கணவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசாமல் படுத்துவிடுவார். இத்தனைக்கும் வீடு வாங்கிய புதிதில், உள்சுவரில் தண்ணீர் தாங்கும் பெயின்டை அடி, கார்ப்பெட்டை விரி, வேலை முடிந்தது என்று யோசனை சொன்னவரும் அதே அண்ணன்தான். முதல் மழையிலேயே பெயின்ட் உரிந்தது, கார்ப்பெட் நாறியது. அதைச் சுருட்டி வெளியே இழுத்துப் போட்டது அவள்.

அதற்குப் பிறகு கணவர் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. மழை வந்தால் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்த் தன் வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்பார். எதிர்வீட்டில் திரையை விலக்கிப் பார்ப்பார்கள். அவளுக்கு மானம் போகும்.

"பொண்டாட்டியக்கூட நீங்க இப்படிப் பாத்தது கிடையாது," என்று வாசலில் நின்று கத்துவாள்.

"தண்ணி உள்ள வர்றதுக்கு முன்னாடி எங்க நிக்குதுன்னு பாக்கணும்டி," என்பார்.

பார்த்துக் கண்டுபிடித்தும்விட்டார். கூரைத் தண்ணீர் சுவரடியிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. குழாயை நீட்டித் தோட்டத்துக் கோடிக்குக் கொண்டுபோனார். சுவரோரம் மண் போட்டு வெளிப்பக்கம் சரிவு வைத்தார். அப்படியும் தரைக்கு அடியில் ஊறி வரும் தண்ணீர் வந்து சேர மூலையில் ஒரு தொட்டி, அதை வெளியே தள்ள ஒரு மோட்டார். கான்கிரீட் சுவரோடு ஒட்டாமல் இடைவெளி விட்டுப் பலகைச் சுவர், அதற்கேற்ற தரை. வீட்டுக்குத் திரைச்சீலை வாங்க வரச் சொன்னால் லீவு கிடைக்காத மனிதருக்கு இதற்கெல்லாம் லீவு கிடைத்தது. அந்த விஷயத்தில் அவர்கள் சண்டை போடாத வாரம் கிடையாது.

எல்லாம் முடிந்தது இந்தக் கோடைத் தொடக்கத்தில். அப்புறம் பேருக்குக்கூட ஒரு பெரிய மழை இல்லை. "ஒரு நல்ல மழை பாத்துடுறேன், அதுக்கப்புறம் கட்டில் வாங்கலாம்," என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். முந்தாநாள் டிப்போவில் வண்டியை நிறுத்தி, கைபிரேக் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கிலேயே சாய்ந்துவிட்டார்.

பெட்டியைச் சாய்த்துப் பிடித்து ஒருவழியாக இறக்கினார்கள். அறை நடுவே வைத்தார்கள். மேலிருந்து நாற்காலிகள் வந்தன. அவை போதாமல் பாதிப் பேர் தரையில் உட்கார்ந்தார்கள்.

கணவரின் அண்ணன் மட்டும் உட்காரவில்லை. அவளைப் படியோரம் கூப்பிட்டார். அழுது அழுது அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

"இப்பப் பேசக் கூடாதுதான். ஆனா நீ தனியா இங்க என்ன பண்ணுவ? வித்துட்டு மக வீட்டோட போயிடு. கையில ஒரு பார்ட்டி இருக்கு. ஈரம் ஏறுன வீடுன்னு தெரிஞ்சும் எனக்காக எடுத்துக்குறேங்குறாங்க."

"ஈரம் இல்ல அத்தான்."

"வெயில் காலத்துல எங்கயும்தான் ஈரம் இல்ல. ஒரு மழை வரட்டும், இவன் பண்ணின வேலையெல்லாம் சாயம் வெளுத்துடும்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டுவதானால் அவள் திட்டலாம். வருஷக்கணக்காகத் திட்டியிருக்கிறாள், அந்த உரிமை அவளுக்கு உண்டு. அவரைப் படுக்க வைத்துக்கொண்டு இன்னொருத்தர் சொல்ல அவள் கேட்டுக்கொண்டிருக்க மாட்டாள்.

"மக வந்தா மாப்பிள்ளை ஹால் சோபாவுல காலை மடக்கிப் படுக்குறாருன்னுதான் இந்த ரூமையே எடுத்துக் கட்டுனாரு," என்றாள். குரலைத் தாழ்த்தவில்லை. "'நம்ம வீட்டுல இனிமே யாரும் ஹால்ல படுக்கக் கூடாது'ன்னு சொன்ன மனுஷன். அவர மட்டும் ஹால்ல போடச் சொல்றீங்களா?"

அறை முழுக்கக் கேட்டுவிட்டது. அப்போதுதான் வெளியே மழைச் சத்தம் கேட்டது.

சிறு தூறலாக ஆரம்பித்தது சட்டென்று வலுத்துக்கொண்டது. சுவர் உச்சியில் இருந்த சின்ன ஜன்னலில் தண்ணீர் வழிந்து வெளிச்சத்தை மறைத்தது. அழுகை நின்றுபோய் எல்லார் கண்ணும் சுவரடிக்குப் போயிற்று. தரையில் இருந்த ஓர் அம்மாள் கால்களை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார்.

மகள் வந்து காதோரம் குனிந்தாள். "அம்மா, எதுக்கும் அப்பாவ மேல கொண்டுபோயிடலாமா? எல்லார் முன்னாடியும் தண்ணி வந்துச்சுன்னா..."

"வந்தா வரட்டும். காலை நனைச்சுக்கிட்டு உக்காந்திருப்போம்."

சொல்லிவிட்டாளே தவிர அவள் கண்ணும் சுவரடியை விட்டு நகரவில்லை. இந்த மழைக்குத்தான் அவர் காத்துக்கொண்டிருந்தார். இருந்திருந்தால் இந்நேரம் குடையும் கையுமாக வெளியே நின்றிருப்பார், கூப்பிட்டாலும் வந்திருக்க மாட்டார். அந்தக் கிறுக்கரை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

மூலையில் களுக்கென்று ஒரு சத்தம். உடனே மோட்டார் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. மருமகன் சங்கடத்தோடு எழுந்து ஸ்விட்சைத் தேடினார்.

"நிறுத்திடட்டுமா அத்தை? சாவு வீட்டுல இந்தச் சத்தம்..."

"ஓடட்டும் மாப்பிள்ளை. கை வைக்காதீங்க."

அது ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. "நல்ல பிக்கப்பு," என்று டிரைவர்களில் ஒருவர் தன்னை மறந்து சொன்னார். பக்கத்தில் இருந்தவர் தலையாட்டினார்.

மழை விடுவதாகத் தெரியவில்லை. ஒரு நாற்காலி காலியானது. அண்ணன் அதில் உட்காராமல், தம்பியைத் தாண்டிப் போய்ச் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார். பிறகு உள்ளங்கையைத் தரையில் அழுத்தி, எடுத்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் தள்ளி, சுவரும் தரையும் சேரும் இடத்தில் வைத்துப் பார்த்தார். அங்கேயும் ஈரமில்லை. அப்புறம் அந்தக் கையை அங்கிருந்து எடுக்கவே இல்லை.