சேரும் கோடு

அந்தப் பட்டறையில் எனக்கு வேலை, கடைசல் முடிந்து வரும் உருளைகளை அளப்பது. விட்டம் இருபத்தைந்து மில்லிமீட்டர். மயிரிழை கூடலாம், குறையலாம். அதைத் தாண்டினால் சிவப்புத் தட்டுக்குப் போகும். மூன்றாவது லேத்தை ஓட்டியவர் என் அக்கா வீட்டுக்காரர். அத்தான் கைப்பட்ட உருளை சிவப்புத் தட்டுக்குப் போனதாகச் சரித்திரமே கிடையாது.

ஒருநாள் அவர் அனுப்பியதில் எடுத்ததெல்லாம் பருத்திருந்தது. ஒன்றை வெர்னியர் அளவுகோலில் கவ்வியபடியே அவரிடம் கொண்டுபோனேன்.

"அத்தான், இதைக் கொஞ்சம் பாருங்க."

ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கருகே கொண்டுபோனார். மேல் அளவில் இருபத்தைந்தைப் பார்ப்பது பெரிய வித்தையல்ல. கீழே நகரும் பட்டையின் பொடிக் கோடுகளில் எது மேல் கோட்டோடு சேர்ந்து ஒரே கோடாக நிற்கிறது என்று பார்ப்பதில்தான் உயிர் இருக்கிறது.

"இருபத்தஞ்சு பாயிண்ட் ஜீரோ ரெண்டு. ஜோரா இருக்கே."

ஜீரோ ரெண்டு இல்லை, ஒண்ணு ரெண்டு. உருளையை எடுத்துவிட்டு, வெர்னியரை வேறேதோ அளவில் வைத்துத் திருகாணியை முடுக்கி மறுபடி நீட்டினேன்.

"இது?"

"இதுவும் அதேதான். ஜீரோ ரெண்டு."

நான் அதைத் திரும்ப வாங்கவில்லை. அவர் விரல் வெர்னியரின் வாயைத் தடவியது. காலி.

"என்னையே ஆழம் பாக்கறியா?" என்றவர், உடனே குரல் தணிந்தார். "கண் நரம்பு போச்சாம்மா. கண்ணாடி போட்டும் பிரயோசனமில்லைன்னு டாக்டர் கைவிரிச்சுட்டார். அக்காகிட்ட மூச்சு விடாதே. நீ அளந்து சொல்லு, நான் ஓட்டறேன். கை இன்னும் நல்லாத்தானே இருக்கு?"

ஒத்துக்கொண்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தால் போவேன், அளந்து சொல்வேன். லேத்துச் சத்தத்தில் காதோடு சொன்னால்தான் கேட்கும்.

பட்டறைக்கு வாய் நீளம். "மூணாவது லேத்துக்கு மட்டும் அளவு ரொம்ப எடுக்குதுப்பா" என்று சிரித்தார்கள். யாரோ அதை அக்கா வரைக்கும் கொண்டுபோனார்கள்.

அக்கா அத்தானையும் இழுத்துக்கொண்டு நான் குடியிருக்கும் அறைக்கே வந்துவிட்டாள்.

"அவர் காதுல உனக்கு என்னடி பேச்சு?"

அத்தானைப் பார்த்தேன். கண் தெரியவில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நானும் எத்தனையோ தடவை சொல்லிட்டேன், பக்கத்துல வராதேன்னு."



"புருஷன் இல்லாம தனியா நிக்கறாளேன்னு வேலை வாங்கிக் கொடுக்கச் சொன்னேனே, என்னைச் சொல்லணும்" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

மறுநாள் அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் இடத்தைவிட்டு எழவில்லை. மறுபடி பார்த்தார். சாயங்காலம் அவர் உருளைகள் வந்தன. ஒன்றாவது தேறாதா என்று ஒவ்வொன்றையும் இரண்டு முறை அளந்தேன். எல்லாம் சிவப்புத் தட்டுக்குப் போயின. போர்மேன் வந்து, நாலு பேர் முன்னால் அத்தானையே அளவு படிக்கச் சொன்னார். அவர் ஜீரோ ரெண்டு என்றார்.

லேத்தை வாங்கிக்கொண்டு, அவரைப் பெட்டி ஒட்டும் இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இனிமேலாவது அக்காவுக்குப் புரியும் என்று அவள் வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதிதான் திறந்தாள்.

"அவர் கண்ணுக்காகத்தான் அக்கா நான்..."

"தெரியும். அதைச் சாக்கா வெச்சுத்தான் ஒட்டிக்கிட்டியாமே. அவரே சொல்லிட்டார். நினைச்சது நடக்கலைன்னதும் போட்டுக் கொடுத்துட்ட."

கதவு மூடிக்கொண்டது.

இப்போதும் ஒரே பட்டறைதான். நடையில் எதிரே வந்தால் தோள் உரசப் போகிறார். தெரியாமல் போகிறாரா, தெரிந்தே போகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. நேற்று வேண்டுமென்றே அவர் முன்னால் நின்று செருமினேன்.

"யாரு?" என்றார்.

நான் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன்.