திருஷ்டிக்கு ஒரு சன்னல்

ஆவூரில் ஸ்கூல் வேன் ஓட்டும் பங்கிராஸ், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் வெளிநாட்டுப் பணத்தில் கட்டிய வீடுகளுக்குச் சன்னல் துடைக்கப் போவார். சன்னலுக்கு முப்பது ரூபாய். அதற்கும் வாய் கூசாமல் பேரம் பேசுவார்கள்.

மரிய செல்வியின் புது வீட்டுச் சன்னல்களைத் துடைத்து முடித்தபோது அந்தம்மாவின் முகம் சுருங்கியது.

“இம்புட்டுப் பளபளன்னு இருந்தா கண்ணு பட்டுறாதா? வாசப்பக்கத்துச் சன்னல மட்டும் அழுக்காக்கிட்டுப் போங்க. அதுக்குக் காசு கெடையாது.”

பங்கிராஸ் செம்மண்ணைக் குழைத்து, தெருவிலிருந்து பார்த்தால் தெரியும்படி நிதானமாகப் பூசினார்.

அடுத்த வாரம் எதிர்வீட்டுக்காரர் கூப்பிட்டார். “அவுக வீட்டுல பூசுன மாதிரியே எங்களுக்கும் ஒண்ணு பூசிருங்க.”

இப்போது துடைக்க முப்பது, அழுக்காக்க ஐம்பது. முப்பதுக்கு இன்னும் பேரம் பேசுகிறார்கள். ஐம்பதை யாரும் குறைக்கச் சொன்னதில்லை.