கயிற்றுக்குக் கொடுத்த பணம்

என் தங்கை புருஷன் எனக்குத் தர வேண்டியது ஆயிரத்து எண்ணூற்று நாற்பது. கயிறு வாங்கி வரச் சொல்லிக் கொடுத்த பணம். கயிறும் வரவில்லை, பணமும் வரவில்லை.

நாங்கள் இருவரும் ஒரு பழைய சரக்குப் படகில் வேலை பார்க்கிறோம். ஓடுகிற படகு இல்லை. விற்கும்வரை கிடக்கட்டும் என்று கரைக்குச் சற்றுத் தள்ளி நங்கூரம் போட்டு நிறுத்தியிருக்கிறார் முதலாளி. துருவைச் சுரண்டுவது, உள்ளே ஊறும் தண்ணீரை இறைப்பது, எதுவும் திருட்டுப் போகாமல் பார்ப்பது, இதுதான் வேலை. சாப்பாடு, தூக்கம் எல்லாம் படகிலேயே. வாரம் ஒரு தடவை ஆள் மாற்றி ஆள் கரைக்குப் போவோம். அதற்கு ஒரு குட்டித் தோணி உண்டு. அங்கே நீரோட்டம் துடுப்புக்கு அடங்காது என்பதால் படகிலிருந்து கரை மேடை வரை கயிறு கட்டியிருந்தோம். தோணியில் நின்று கைமாற்றிக் கைமாற்றி அதை இழுத்தால் கரை வந்துவிடும்.

அந்தக் கயிறு நைந்து போயிற்று. முதலாளியிடம் சொன்னதற்கு, "நீ வாங்கு, பில்லைக் காட்டு, தர்றேன்" என்றார். என் சம்பளத்தில் எடுத்து மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பினேன். வெறுங்கையோடு வந்தவன், கடை பூட்டியிருந்தது என்றான். அடுத்த வாரம் கேட்டால், பணம் விழுந்துவிட்டது என்றான்.

"பூட்டின கடையில எப்படி மாப்ளே பணம் விழும்?"

"போற வழியில மச்சான்."

தங்கை வீட்டுக்காரன். சட்டையைப் பிடித்தா கேட்க முடியும்? வாயால் மட்டும் விடவில்லை. அவன் போடும் டீ தண்ணியாக இருந்தால், டீத்தூளும் வழியில் விழுந்துவிட்டதா என்பேன். அவன் சிரித்துக்கொண்டு போய்விடுவான்.

அன்று காலையிலிருந்தே காற்று சரியில்லை. மதியம் மழையும் சேர்ந்தது. படகு சங்கிலியை வெடுக் வெடுக்கென்று இழுத்தது. கரையில் இருக்கும் விளக்குக் கம்பம் காலையில் எங்களுக்கு நேரே இருந்தது. இப்போது இடப்பக்கம் தள்ளி நின்றது. கம்பம் நகராது. நங்கூரம் பிடி விட்டிருந்தது. படகு கொஞ்சம் கொஞ்சமாக, அலை தடுக்கப் போட்டிருந்த பாறைக் குவியலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

முதலாளிக்குப் போன் போட்டேன். "கொஞ்சம் பொறுங்கப்பா, அடங்கிரும்" என்றார்.

"அவரு ஆபீஸ்ல அடங்கிருச்சாமா?" என்றான் மாப்பிள்ளை.

படகு நகர நகரக் கரைக்குப் போகும் கயிறும் இறுகியது. மிச்சம் சுருட்டி வைத்திருந்த நீளத்தையும் விட்டுக்கொடுத்தேன். இனி விட ஒன்றும் இல்லை. கயிறு இருக்கும்போதே கரை சேர்ந்தால் உண்டு.

ஏணியடியில் தோணி ஆள் உயரத்துக்கு ஏறி ஏறி இறங்கியது. மேலே வந்து ஒரு கணம் நிற்கும், அப்போது காலை வைக்க வேண்டும். இறங்கும்போது குதித்தால் கால் போய்விடும்.

"நீங்க முதல்ல இறங்குங்க மச்சான்."

"ஏன்?"

"நான் முதல்ல போனா, கடன்காரன் ஓடிட்டான்னு சொல்லுவீங்க."

"நீ கடைசியா வந்து தண்ணிக்குள்ள போனா என் பணத்த நான் மீன்கிட்டயா கேக்கறது? இறங்குடா."

இறங்கினான். பின்னாலேயே நானும் இறங்கினேன். முழங்கால் சிராய்த்தது, அவ்வளவுதான்.

அவன் முன்னால் நின்றான், நான் பின்னால். அலை தூக்கும்போது கயிறு தளரும், அப்போது இழுக்க வேண்டும். அலை இறக்கும்போது பிடித்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். உள்ளங்கை எரிந்தது. தோணிக்குள் தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. பாதி தூரம் வந்திருப்போம்.

மேடைமேல் மீன் தரம் பிரிக்கும் கொட்டகை இருக்கிறது. என் தங்கைக்கு அங்கேதான் வேலை. அவள் வெளியே ஓடி வந்து எங்களைப் பார்த்துக் கையாட்டினாள். கயிறு கட்டியிருந்த இடத்துக்கு வந்தவள் குனிந்தாள். அங்கே கயிறு ஓர் இரும்பு வளையத்துக்குள் நுழைந்து, பின்னால் இருக்கும் கல்தூணில் முடிந்திருக்கும். குனிந்த வேகத்தில் நிமிர்ந்து, இரண்டு கையையும் விரித்து நீட்டினாள். கத்தினாள். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை.

"இழுக்க வேணாங்கறா" என்றான் மாப்பிள்ளை. "வளையத்துல அறுபடுது மச்சான்."

இழுப்பதை நிறுத்தினோம். அங்கே அறுந்தால் அலை எங்களை நேராகப் பாறையில் கொண்டுபோய் அறையும். அது இருவருக்கும் தெரியும்.

"மச்சான், அந்தப் பணம்..."

"இப்பப் பேசாத. பிடி."

தங்கை கொட்டகைக்குள் ஓடினாள். மீன்பெட்டி இழுக்கும் கயிற்றுச் சுருளோடு திரும்பி வந்தாள். ஒரு முனையைக் கல்தூணில் சுற்றினாள். மேடை விளிம்பில் குப்புறப் படுத்து, வளையத்துக்கு இந்தப் பக்கம், நையாத இடமாகப் பார்த்து மறுமுனையை எங்கள் கயிற்றில் கட்டினாள். தினம் எத்தனையோ பெட்டி கட்டுகிற கை. அலை அவள் தலைமேல் தெறித்தது. எழுந்து, வாங்க என்று கை காட்டினாள்.

இழுத்தோம். இரண்டாவது இழுப்பில் வளையத்தில் கயிறு பட்டென்று போனது. தோணி ஒரு வெட்டு வெட்டியது. தங்கை கட்டிய முடிச்சு தாங்கியது. அதற்குப் பிறகு மேடைப் படிக்கட்டு வரை நானும் அவனும் மூச்சுவிட்டோமா என்று நினைவில்லை. பாசி படிந்த படியில் என்னைப் பின்னாலிருந்து தள்ளி ஏற்றினான் மாப்பிள்ளை. அவனைத் தங்கை சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினாள்.

கொட்டகைக்குள் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம். அவள் டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டே திட்டினாள்.

"ரெண்டு தடி ஆம்பளைங்க. ஒரு கயித்தப் பாத்து மாத்தத் துப்பில்ல. மூணு புரியில ரெண்டு போயிருச்சு. நான் குனிஞ்சு பாக்கலைன்னா என்னண்ணே ஆயிருக்கும்?"

அப்போதுதான் கவனித்தேன். அவள் மூக்கில் கண்ணாடி இருந்தது.

"இது எப்போருந்து?"

சட்டென்று கழற்றி முந்தானையில் துடைத்தாள். வெட்கம். "வேலை செய்யும்போது மட்டும்தான் போடுவேன். இன்னிக்குக் கழட்ட மறந்துட்டேன். கிட்டத்துல எதுவும் தெரியலைண்ணே. சின்ன மீனும் பெரிய மீனும் ஒண்ணாப் போட்டேன்னு மேஸ்திரி நிறுத்திடுவேன்னுட்டாரு. உங்க மாப்பிள்ளைதான் முதலாளிகிட்ட அட்வான்ஸ் வாங்கிக் குடுத்தாரு. கண்ணாடி ஆயிரத்து எழுநூறு, கூடு நூறு, பஸ்ஸுக்கு நாப்பது."

நான் கூட்டிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. எங்கள் முதலாளி அட்வான்ஸ் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதே கிடையாது. மாப்பிள்ளை டீக் கிளாஸுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

அவன் கயிறு வாங்கி வந்திருந்தால் அது அறுந்திருக்காது. அதுவும் சரிதான். கண்ணாடி இல்லாமல் இவள் குனிந்திருந்தால் கயிறு முழுசாகத்தான் தெரிந்திருக்கும். இதுவும் சரிதான். குளிரில் பல் கிட்டியது. யோசிக்கத் தெம்பில்லை.

"மாப்ளே, சொல்ல மறந்துட்டேன்" என்றேன். "அந்த அட்வான்ஸ முதலாளி தள்ளுபடி பண்ணிட்டாரு."

நிமிர்ந்து பார்த்தான். "எப்ப மச்சான்?"

"இப்பத்தான். தோணியில வர்றப்ப."

"அந்த ஆளா?" என்றாள் தங்கை. "பாக்கி அஞ்சு ரூவாய விடமாட்டாரே."

"மனசு மாறியிருக்கும்" என்றேன். "ஆனா அடுத்த கயிறு வாங்க நான்தான் போவேன். அவனை அனுப்பாதேன்னு முதலாளி கண்டிப்பா சொல்லிட்டாரு."

மாப்பிள்ளை எழுந்து, என் கிளாஸை வாங்கி இன்னொரு டீ போட்டுக் கொடுத்தான். இந்தத் தடவை தண்ணியாக இல்லை.