ஒரு கிலோமீட்டர் கம்பளம்

சகின்பாய் உட்கார்ந்து இருபது நாளாகிவிட்டது. உட்கார்ந்தால் முதுகில் எறும்பு ஊர்கிறது என்பான். சாப்பாடும் நின்றுகொண்டேதான். குதிரை மேல் மட்டும் உட்காருவான். அது நின்றுவிட்டால் இறங்கிவிடுவான்.

காரணம் அவன் மனைவி புருல்சா. நிறைமாதம். கோக்-பெல் மலையூரிலிருந்து கீழே சோங்-தாலா ஆஸ்பத்திரிக்குப் பதினோரு கிலோமீட்டர். அந்தப் பாதையில் கல் இருக்கிறது என்று சொல்வது தப்பு. கல்லுக்கு நடுவே அங்கங்கே பாதை இருக்கிறது. பால் பையோடு கிளம்புகிறவன் வெண்ணெயோடு போய்ச் சேருவான். அதில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியை எப்படிக் கொண்டுபோவது என்று சகின்பாய் யோசிக்கப் பார்ப்பான். யோசனை பாதியில் நின்றுவிடும். எழுந்து, அதாவது ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பவன், நடக்க ஆரம்பிப்பான்.

"ஏய்யா, கொஞ்சம் நில்லேன். நீ நடக்கிற நடையில உள்ள இருக்கிறதுக்கே தலை சுத்துது," என்பாள் புருல்சா.

மலையிலிருந்து கீழே தண்ணீர் போகிறது, கறி போகிறது, கம்பளி போகிறது. மின்சாரக் கம்பி ஊரின் தலைக்கு மேலேயே போகிறது. கீழேயிருந்து மேலே வருவது கடிதம் மட்டும். சோங்-தாலாவில் மூன்றாவது தடவையாகத் தார் மேல் தார் போட்டார்கள். ரோடு உயர்ந்து, வீடுகள் பள்ளத்துக்குப் போய், ஜனங்கள் ஜன்னல் வழியாக வெளியே ஏறி வருகிறார்கள். கோக்-பெல் ரோடு கேட்டபோது, வண்டி இல்லாத ஊருக்கு ரோடு எதற்கு என்று பதில் வந்தது. ஆம்புலன்ஸ் கேட்டபோது, ரோடு இல்லாத ஊருக்கு வண்டி எதற்கு என்று வந்தது. இரண்டிலும் ஒரே கையெழுத்து: மெலிஸ், தலைநகர் அதிகாரி.

இப்போது மூன்றாவது கடிதம். ஒரு ஆம்புலன்ஸ் மிச்சம் இருக்கிறதாம். ஊர் வாசலில் ஒரு கிலோமீட்டராவது கருப்பு ரோடு இருந்தால் தருவார்களாம். வியாழக்கிழமை மெலிஸே வந்து பார்ப்பாராம்.

ஊர்த்தலைவர் எர்கெஷ் கடிதத்தைப் படித்துவிட்டுத் தேநீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார். "முடிஞ்சுது. நம்மகிட்ட ஒரு டப்பா தார்கூட இல்ல."

"கருப்புன்னுதானே எழுதியிருக்கு? தாருன்னா எழுதியிருக்கு?" என்று கேட்டபடி சகின்பாய் அறையைச் சுற்றினான். கம்பளம் போடும் பெண்களுக்குத் தலைவியான கனிம்பூபூவின் முன்னால் வந்து நின்றான். "அக்கா, உன்னால எவ்வளவு நீளம் போட முடியும்?"

கோக்-பெல்லில் கம்பளத்தை யாரும் நெய்வதில்லை. ரோமத்தை நாணல் பாயில் பரப்பி, வெந்நீர் தெளித்து, சுருட்டி, குதிரையில் கட்டி இழுப்பார்கள். உருள உருள ரோமம் இறுகிக் கம்பளமாகிவிடும். கனிம்பூபூ ஜன்னல் வழியாகப் பாதையை ஒரு பார்வை பார்த்தாள்.

"நீளத்தை விடுடா. அகலம் சொல்லு."

ஐந்து ஊர்க் கருப்பாடுகள் மொட்டையாயின. போதவில்லை. வெள்ளை ஆட்டு ரோமத்துக்கும் கரி பூசினார்கள். நாற்பது குதிரைகள் நான்கு நாள் உருட்டின. பளபளப்புக்காக ஆட்டுவால் கொழுப்பைத் தேய்த்தார்கள். ஊர் நாய்கள் ரோட்டை நக்காமலிருக்க ஆள் போட வேண்டியதாயிற்று.

ஒரே ஒரு தவறு நடந்தது. நடுவில் நேராக ஒரு வெள்ளைக் கோடு போடச் சொல்லியிருந்தார்கள். ஆட்டுக்கொம்புச் சித்திரம் இல்லாமல் ஒரு கம்பளத்தையும் அந்தப் பெண்கள் இதுவரை முடித்ததில்லை. வியாழன் காலை பார்த்தால், கோடு கொம்பு கொம்பாக முறுக்கிக்கொண்டு ஒரு கிலோமீட்டருக்கும் ஓடியது.

"அக்கா, ரோட்டுல கொம்பு முளைச்சு எங்கயாவது பார்த்திருக்கியா?"

"வெறும் கோட்டோட விட்டா, பாக்குறவ என்ன சொல்லுவா? கனிம்பூபூவுக்குக் கை விழுந்துடுச்சும்பா."

மதியம் மெலிஸின் கார் வந்தது. பத்துக் கிலோமீட்டர் குலுங்கியதில் அவருடைய மூக்குக்கண்ணாடி பின்னங்கழுத்தில் இருந்தது. கார் கம்பளத்தில் ஏறியதும் சத்தம் நின்றது. செத்துவிட்டோம் என்று நினைத்தார் மெலிஸ். நிம்மதியாக இருந்ததால் தூங்கிவிட்டார். ஊர் வாசலில் டிரைவர்தான் எழுப்பினான்.

இறங்கியவர் கொம்பைக் காட்டினார். "இது என்ன?"

"வளைவு இருக்குன்னு எச்சரிக்கைங்க," என்றான் சகின்பாய்.

"ரோடு நேராத்தானே போகுது?"

"ஆமாங்க. அதனாலதான் யாரும் எதிர்பார்க்க மாட்டாங்க."

மெலிஸ் குனிந்து ஒரு சிட்டிகை கிள்ளினார். விரலில் ரோமம் வந்தது. முகர்ந்து பார்த்தார். நிமிர்ந்து, ஊரை ஒரு முறை பார்த்து, பேனாவின் மூடியைத் திறந்தார். சகின்பாய்க்கு முதுகெல்லாம் எறும்பு.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து புருல்சா கத்தினாள். "ஏய்யா! வலி வந்துடுச்சு!"

ஊரில் இருந்த ஒரே வண்டி மெலிஸுடையது. "ஏத்துங்க," என்றார். "ஆனா அந்தக் கல்லுல..." தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சகின்பாய் குதிரையில் தாவினான். "ரோட்டைச் சுருட்டுங்கடா! முன்னால கொண்டுபோய் விரிப்போம்!"

"ஒத்தைக் கம்பளத்தை வெச்சுக்கிட்டு எப்படிடா? அது மேலதான கார் நிக்கும்?" என்று எர்கெஷ் கேட்டு முடிப்பதற்குள் கனிம்பூபூ கத்தியை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கொம்பின் நடுவே, கம்பளத்தை இரண்டாக அறுத்தாள்.

ஒரு துண்டின் மேல் கார் போய்க்கொண்டிருக்கும்போதே மற்றதைச் சுருட்டி, குதிரைகள் காரைத் தாண்டி ஓடி, முன்னால் விரிக்கும். பிறகு இது, பிறகு அது. இருபது தடவை. கார் ஓரிடத்திலும் நிற்கவில்லை, ஒரு கல்லையும் தொடவில்லை. மெலிஸ் பின் சீட்டில் புருல்சாவுக்குக் கை கொடுத்திருந்தார். அவள் நசுக்கிய நசுக்கலில் அவர் கையெழுத்து ஒரு மாதத்துக்கு வேறு ஆளுடையது மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ரோட்டைச் சுருட்டி வைத்தார்கள். சகின்பாய் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தான். அறுபதாவது சுற்றில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

அவன் ரோட்டின் மேல் உட்கார்ந்தான். இருபது நாள் உட்கார வேண்டியதையும் சேர்த்து உட்கார்ந்தான்.

மெலிஸ் வந்தார். "எழுதிட்டேன். கோக்-பெல், பதினோரு கிலோமீட்டர் கருப்பு ரோடு, ஒரு குலுக்கல் கிடையாது. நானே வந்து பார்த்தது. அடுத்த வாரம் ஆம்புலன்ஸ் வரும்." கொஞ்சம் தயங்கினார். "ஆனா இனிமே உங்களுக்கு ரோடு கிடைக்காது. ரோடு இருக்கிற ஊருக்கு எப்படிப் போடுறது?"

சகின்பாய் எழுந்துவிட்டான். "ஏங்க, இந்த சோங்-தாலாவுல ரோடு இருக்கும்போதேதானே மூணு தடவை போட்டீங்க?"

மெலிஸ் வீங்கிய கையால் பேனாவின் மூடியைப் போட்டார். பிறகு, தன் காரைத் தேடிப் போனார்.

அடுத்த வாரம் சகின்பாயின் போன் அடித்தது. ஆம்புலன்ஸ் டிரைவர். "அண்ணே, அடிவாரத்துல நிக்கிறேன். வரைபடத்துல ரோடு இருக்கு, இங்க கல்லுதான் இருக்கு. எந்தப் பக்கம் வரணும்?"

சகின்பாயின் ஒரு கால் ஏற்கெனவே சேணத்தின் மிதியில் இருந்தது.

"நீ அங்கயே நில்லு தம்பி. ரோடு கெளம்பிடுச்சு. இப்ப வந்துடும்."