பின்னறையில் மழை

பின்னறையில் மழை கொட்டத் தொடங்கியதும் அவள் எழுந்து ஓடி பம்பின் சுவிட்சைப் படாரென்று அணைத்தாள். அதற்குள் நாத்தனார் கொல்லைக்குப் போய், கொடியில் கிடந்த துணிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

"வெளியில வெயில் கொளுத்துது அண்ணி. மழைச் சத்தம் எங்கேர்ந்து வந்துச்சு?"

"உங்கண்ணன் பெய்ய வெச்ச மழை. மணிக்கு ஒரு தடவை தானா ஓடும். மனுஷன்தான் ஓட மாட்டாரு இனிமே."

நாத்தனாருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. துணிமூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கூடத்தில் அண்ணன் படுத்திருந்தார். சுடுகாட்டு வண்டி மூன்று மணிக்கு வரும் என்றிருந்தார்கள்.

லிஃப்ட் மெக்கானிக் என்று சொன்னால் அந்தத் தெருவில் யாருக்கும் அவரைத் தெரியாது, தவளைக்காரர் என்றால்தான் தெரியும். வீட்டிலிருந்த ஒரே ஏசி தவளைகளுக்குத்தான். அவள் இருபது வருஷமாக மேஜை விசிறியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவள் வயதைக் கேட்டால் இரண்டு மூன்று கூட்டியோ குறைத்தோ சொல்வார். எந்தத் தவளை எந்தக் கிழமை தோலுரித்தது என்பது மட்டும் நுனிநாக்கில் நிற்கும். அதிலும் அந்தச் சிவப்புக் கண் மரத்தவளைகள்! எட்டு வருஷமாக முட்டையிடாமல் அவரைப் பாடாய்ப் படுத்தியவை. ஆறு வாரம் தொட்டியைக் காயப்போட்டு, பிறகு பத்து நாள் விடாமல் மழை பெய்ய வைத்தால் ஏமாந்து முட்டையிடும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

விடிகாலையில் அந்தத் தொட்டிக்கு முன்னால், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்திருந்தார். மடியில் தண்ணீர் தெளிக்கும் பாட்டில் கிடந்தது.

"ஒரு வாரத்துக்கு மேலயே வலி இருந்திருக்கும்மா. உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?" என்று டாக்டர் கேட்டபோது அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மதியம் மருந்துக்கடைக்காரர் வந்தார். அவரும் தவளை வளர்ப்பவர்தான். அந்தப் பைத்தியத்தில் தவளைக்காரருக்குக் கூட்டாளி. உடலருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவளிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணி, முட்டை நல்லா இருக்கா? செவ்வாக்கிழமை போன் பண்ணாரு. இலையில அம்பது முட்டைன்னாரு. அந்த வலியிலயும் என்ன சந்தோஷம்..."

சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"எந்த வலி?"

அவர் தரையைப் பார்த்தார்.

"கேக்குறேன்ல? எந்த வலி?"

"பத்து நாளா நெஞ்சு வலி அண்ணி. என்கிட்டதான் மாத்திரை வாங்கிட்டுப் போனாரு. ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். மழை ஆரம்பிச்சாச்சு, முட்டை பொரிஞ்சதும் போறேன்னாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

"வியாழக்கிழமை உங்க கடைக்கு வந்தேன். மூட்டுவலித் தைலத்தைக் காகிதத்துல சுத்திக் குடுத்தீங்க. மழை வரும்போல இருக்குன்னு பேசினீங்க. அப்பகூட வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?"

கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது அவளுக்கு. அத்தோடு அந்த மனிதர் போயிருக்கலாம்.

"ஈரம் காஞ்சா முட்டை கருகிடும் அண்ணி. ஒரே ஒரு தடவை பார்த்துட்டு..."

அவள் பின்னறைக்குப் பாய்ந்தாள். மருந்துக்கடைக்காரர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். தொட்டிக் கதவைத் திறந்தாள். தண்ணீருக்கு மேலே நீட்டியிருந்த இலையின் அடியில் கொழகொழவென்று ஒரு பிண்டம் தொங்கியது. இதற்காகத்தானே! இலையைப் பிடித்து இழுத்தாள். பாழாய்ப்போன இலை கிழிவேனா என்றது. சட்டைக் காலரைப் பிடிப்பதுபோல் பிடித்து உலுக்கினாள்.

"ஒரு வார்த்தை! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

பிண்டம் நெளிந்தது. அதிலிருந்து ஒன்று வழுக்கித் தண்ணீரில் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் நாலைந்து சேர்ந்தாற்போல் விழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு அடியில் ஓடின.

ஒருநாள் சாப்பாட்டுக் கையைக் காயவிட்டு அவர் விளக்கியது அவளுக்கு நினைவுக்கு வந்தது. பாம்பு வந்து இலையைக் கவ்வினால், அந்த உலுக்கலிலேயே குஞ்சுகள் இரண்டு நாள் முன்னதாக முட்டையை உடைத்துக்கொண்டு குதித்துவிடுமாம். தவளைக் குஞ்சுக்கு வரும் ஆபத்தையெல்லாம் அவளிடம் சொல்லியிருந்தார்.

"விழுதா அண்ணி?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

வெளியே வண்டி ஹாரன் அடித்தது. நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணி, வண்டி வந்துடுச்சு. எல்லாரும் உங்களுக்காக நிக்கிறாங்க."

"நிக்கச் சொல்லு."

இலையில் இன்னும் ஏழெட்டு ஒட்டிக்கொண்டிருந்தன. அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் குனிந்தாள். இலையின் முதுகில் ஒரு விரலால் தட்டினாள். ஒன்று விழுந்தது. கொஞ்சம் பொறுத்து, மறுபடி தட்டினாள்.