மகராணியும் பொடியனும்

பெரியவளும் சின்னவளும் அந்த மாடி வீட்டில் தனியாக இருந்த காலத்தில்தான் மீன் தொட்டி வந்தது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். பெரியவள் செயற்கைப் பல் செய்யும் லேபில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க மெழுகில் கடைவாய்ப் பல் செதுக்கிவிட்டு, நகக்கண்ணெல்லாம் பிளாஸ்டர் வெள்ளையோடு வீடு திரும்புவாள். சின்னவளுக்கு லாரி கம்பெனியில் வேலை. எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று போனில் கத்திக் கத்தி அவள் குரல் ஒலிபெருக்கி மாதிரி ஆகியிருந்தது. ஒருத்தி வாயைத் திறக்க மாட்டாள், இன்னொருத்தி மூட மாட்டாள்.

"உங்கிட்ட பேசுறதுக்கு மீன் கிட்ட பேசலாம்கா. கேட்டுட்டு வாயையாவது அசைக்கும்" என்று சொல்லித்தான் சின்னவள் இரண்டு கோமாளி மீன்களை வாங்கி வந்தாள். உப்புத் தண்ணீர் மீன். உப்பை அளந்து கலப்பது, தண்ணீர் மாற்றுவது எல்லாம் கடைசியில் பெரியவள் தலையில்தான் விழுந்தது.

வாங்கும்போது இரண்டும் கட்டை விரல் நகம் அளவுதான் இருந்தன. கோமாளி மீன் எல்லாமே ஆணாகத்தான் பிறக்கும். இரண்டைச் சேர்த்து விட்டால் எதன் கை ஓங்குகிறதோ அது வளர்ந்து பெண்ணாகிவிடும். மற்றது ஆணாகவே அடங்கி நடக்கும். அப்படி வளர்ந்தவளுக்கு மகராணி என்றும், வளராதவனுக்குப் பொடியன் என்றும் பெயர் வைத்தார்கள். மகராணி திரும்பிப் பார்த்தாலே பொடியன் உடம்பை வெடவெடவென்று உதறி ஒரு கும்பிடு போடுவான்.

"எனக்கும் இப்படி ஒரு மாப்பிள்ளை பாருக்கா" என்பாள் சின்னவள்.

மாப்பிள்ளையை அவளே பார்த்துக்கொண்டாள். அதே கம்பெனியில் லாரி ஓட்டுகிறவர். முதல் மனைவி இறந்துபோய், பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் குழந்தையும் இருந்தது. பெரியவளால் அதை ஏற்க முடியவில்லை.

"ஊரான் பிள்ளைக்கு ஆயா வேலை பார்க்கவா உன்னைப் படிக்க வச்சேன்?"

"ஆயா இல்லக்கா, அம்மா."

"அப்ப உன் பங்கை எடுத்துட்டுக் கிளம்பு."

வீடோ வாடகை வீடு. பங்கு போட என்ன இருக்கிறது? சின்னவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு தொட்டி அருகே போய் வலையை எடுத்து மகராணியைப் பிடித்துக்கொண்டாள். மகராணிக்குத் தினமும் தீனி போட்டவள் அவள்தான். பொடியன் கண்ணாடி ஓரமாக அங்கும் இங்கும் அலைந்ததைப் பெரியவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். 'சரி, இரு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாய் வரவில்லை. கல்யாணத்துக்கும் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினாள்.

தனியாகக் கிடந்து பொடியன் செத்துப்போவான் என்று பயந்தாள். அவனோ வஞ்சனை இல்லாமல் தின்றான். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் மகராணியின் அளவுக்கு வந்துவிட்டான். சந்தேகப்பட்டுப் போனில் தேடிப் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கோமாளி மீனை ஒற்றையாக வளர்ப்பதில் ஒரு தப்பும் இல்லையாம். ஆனால் துணை பிரிந்த ஆண், நாளடைவில் தானே பெண்ணாக மாறிவிடுமாம். மாறிய பிறகு பழைய ஜோடியோடு சேர்த்தால், இரண்டு பெண்ணும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டாமல் விடாதாம்.

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. 'உன் பொடியன் இப்ப பொண்ணுடி' என்று தங்கையிடம் சொல்லப் போனைக்கூட எடுத்தாள். முதலில் அவள் பேசட்டும் என்று திரும்ப வைத்துவிட்டாள்.

முதலில் பேசியது சின்னவள்தான். ஆனால் அதற்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கணவருக்குக் கடல் கடந்து வேலை கிடைத்திருக்கிறது, மூன்று பேரும் போகிறோம் என்றாள்.

"மகராணியை வேற யாருக்கும் கொடுக்க மனசில்லக்கா. நம்ம வீட்டுக்கே கொண்டு வரேன். பொடியனோட சேர்ந்து இருக்கட்டும். நானும் ரெண்டு மூணு நாள் உன்கூட இருந்துட்டுப் போறேன்."

'சேராதுடி' என்பது பெரியவளின் நாக்கு நுனி வரை வந்தது. இத்தனை நாள் கழித்துப் பேசுகிறவளிடம் எடுத்த எடுப்பில் வேண்டாம் என்றால், மீனைச் சொல்கிறேன் என்றா எடுத்துக்கொள்வாள்? "வாடி" என்றாள். போனை வைத்ததும் கடைக்குப் போய், தொட்டிக்குள் தொங்கவிடுகிற ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்கி வைத்தாள்.

சின்னவள் மூடி போட்ட வாளியை மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். குரல் மட்டும் அப்படியே. தொட்டித் தண்ணீரை வாளியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மகராணியைப் பழக்கினார்கள். பிறகு பெரியவள் பெட்டியை எடுத்தாள்.

"இது எதுக்குக்கா?"

"கொஞ்ச நாள் இதுக்குள்ள இருக்கட்டும்."

சின்னவளின் முகம் விழுந்துவிட்டது. "தன் வீட்டுக்கு வந்தவளை ஜெயில்ல போடுவியா?"

பெரியவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

மகராணி தொட்டியில் இறங்கியதும் பொடியன் விருட்டென்று வந்தது. இரண்டும் வாயோடு வாய் முட்டின. "பாரு, பாரு! மறக்கவே இல்ல!" என்று சின்னவள் கைதட்டிச் சிரித்தாள். இரண்டில் எதுவும் உடம்பை உதறிக் கும்பிடு போடவில்லை என்பதைப் பெரியவள் கவனித்தாள். எடுத்துவிடலாமா என்று நினைப்பதற்குள் சின்னவள் அவள் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

டீ போட்டுக்கொண்டே பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண் குழந்தை முதலில் முகம் கொடுக்கவே இல்லையாம். ஒருநாள் பல் விழுந்ததும் ஓடி வந்து இவள் கையில்தான் கொடுத்ததாம். "எங்க அக்கா கிட்ட சொன்னா புதுப் பல்லே செஞ்சு தருவான்னு சொல்லி வச்சிருக்கேன்." பெரியவள் வாய்விட்டுச் சிரித்தாள். தொட்டியில் சளக்கென்று ஒரு சத்தம் கேட்டது. எழுந்திருக்க மனமில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உட்கார்ந்தே இருந்தாள்.

திரும்பி வந்தபோது மகராணி ஃபில்டர் குழாயின் பின்னால் ஒடுங்கிக் கிடந்தாள். வால் நார் நாராகக் கிழிந்திருந்தது. அவசரமாகப் பெட்டிக்குள் எடுத்து விட்டார்கள். மறுநாள் மத்தியானம், இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றது.

சின்னவள் பெட்டியைத் தொட்டியிலிருந்து கழற்றிக்கொண்டே கேட்டாள். "உனக்குத் தெரியும்தானே? அதுக்குத்தானே பெட்டி வாங்கினே?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்கா விட்டே?"

"நீ சிரிச்சிட்டு இருந்தேடி."

சின்னவள் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "வேண்டாம்னு சொல்லியிருந்தா ஒரு நிமிஷம் மூஞ்சியைத் தூக்கி வச்சிருப்பேன். அவ்வளவுதானேக்கா" என்றாள். அதற்குப் பிறகு அவள் பேச்சு குறைந்துவிட்டது. சொன்னபடி இருந்துவிட்டுத்தான் கிளம்பினாள். ஆனால் அந்த நாட்களில் வீட்டில் இரண்டு பெரியவள்கள் இருந்த மாதிரி இருந்தது.

பஸ் நிலையத்தில் சின்னவள் பையில் டிக்கெட்டைத் துழாவியபோது ஒரு தடித்த ஆல்பம் தலை நீட்டியது.

"என்னடி அது?"

"கல்யாண போட்டோ. உங்கிட்ட காட்டலாம்னுதான் எடுத்துட்டு வந்தேன். எங்க காட்ட..." வாக்கியத்தை முடிக்கவில்லை. "சரி விடு, அடுத்த தடவை பார்க்கலாம்."

'இப்பவே காட்டு, அடுத்த பஸ்ல போலாம்' என்று சொல்லப் பெரியவள் கையை நீட்டினாள். அதற்குள் நடத்துநர் விசில் கொடுத்துவிட்டார். சின்னவள் பையை அமுக்கி மூடிக்கொண்டு ஏறினாள். ஜன்னல் வழியாகக் கையசைத்தாள்.

இப்போது வாரம் தவறாமல் அங்கிருந்து பேசுகிறாள். பெரியவளும் முன்பு போல் இல்லை, நாலு வார்த்தை கூடவே பேசுகிறாள். குழந்தைக்கு அடுத்த பல் ஆடுகிறதாம். மீனைப் பற்றிச் சின்னவள் கேட்பதில்லை, பெரியவளும் சொல்வதில்லை. அது தொட்டியில் ஒற்றையாக, கொழுகொழுவென்று, ஒரு குறையும் இல்லாமல் நீந்திக்கொண்டிருக்கிறது. ஆல்பத்தைப் பற்றி மட்டும் ஒருநாள் கேட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைக்கிறாள். எப்படி ஆரம்பிப்பது என்று யோசிப்பதற்குள் போன் வைக்கப்பட்டுவிடுகிறது.