தகரக் கூரையில நிக்காத பல்லு

1.

உண்மையச் சொல்லிட்டே தொடங்குறன். இந்தக் கதை ஒரு கோழியால வந்தது.

"1976ஆம் ஆண்டு. திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலொன்று மெல்ல..."

சீ. கப்பல் எதுக்கு? எங்கட வீடு கிண்ணியாவில. கப்பலுக்கும் பல்லுக்கும் என்ன கதை? டவுன் டைப்பிங் வகுப்பில இருக்கிறன், மாஸ்டர் வாறதுக்குள்ள அடிச்சு முடிக்கோணும்.

2.

ஸல்ஹா என்ட தங்கச்சி. எட்டு வயசு. அஞ்சு வயசில கிணத்தடியில வழுக்கி விழுந்து மேல் முன்பல்லு ரெண்டும் போச்சு. இன்னும் புதுசு முளைக்கல்ல. பள்ளிக்கூடத்தில "பொக்கவாயி" எண்டுறாங்களாம். இப்ப கையால வாயப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள்.

(அவளப் பாவமாக் காட்டுவம் எண்டு பாத்தன். ஏலாது. போன கிழமையும் என்ட ரிபன எடுத்து ஆட்டுக்குட்டிக்குக் கட்டினவள்.)

டவுன் பல் டொக்டர் அமத்திப் பாத்தவர். பல்லு உள்ளுக்க இருக்காம், முரசு, அதான் பல்லீறு, தடிச்சுப்போச்சாம், கொஞ்சம் கீறிவிட்டா வருமாம். வியாழக்கிழம வரச் சொன்னவர். விட்டா, பிறகு ரெண்டு மாசத்துக்கு அவர் இல்ல. உம்மா கெஞ்சிப் பாத்திட்டா. ஸல்ஹா கட்டில் காலக் கட்டிப்பிடிச்சிட்டாள்.

"அணில் கொண்டு வரும் ராத்தா. கீறத் தேவல்ல."

3.

விழுந்த பல்லக் கூரையில எறிஞ்சு அணிலிட்டப் புதுப்பல்லு கேக்கிறது எங்கட வழக்கம். என்ட காலத்தில ஓலைக் கூரை, பல்லெல்லாம் கிடுகுக்குள்ள செருகி நிண்டது. அவள்ற பல்லு விழக்குள்ள கூரைக்குத் தகரம் போட்டாச்சு. அவள் கண்ண மூடிக் கேட்டுக்கொண்டு நிக்க, நான் எறிஞ்ச ரெண்டும் டக் டக் எண்டு உருண்டு வாசல்ல விழுந்திச்சு. கோழி கொத்தி விழுங்கிட்டு.

கண்ணத் துறந்தாள். "அணில் எடுத்திட்டா?"

நான் அப்ப

(இந்த இடத்தில மூண்டு கடதாசி கிழிச்சிட்டன்)

ஓம் எண்டனான்.

4.

முடிவுக்கு வருவம். அணில் கனவில வந்து "டொக்டரிட்டப் போ" எண்டு சொல்லுற மாதிரி ஒண்டு அடிச்சனான். நல்லாத்தான் இருந்திச்சு. எண்டாலும் இன்னொரு பொய். ஸல்ஹா தானாவே கதிரையில ஏறி வாயத் துறக்கிறாள் எண்டு

அவளத் தெரிஞ்ச ஆரும் நம்பமாட்டாங்க.

அதால நான் முடிக்கல்ல. இத வாசிக்கிறது ஒரே ஒரு ஆள்தான். இண்டைக்குப் புதன். பின்னேரம் பாதைப் படகில ஏறி ஆத்தக் கடந்து வந்து, இந்தக் கடதாசிய உன்ட கையில தருவன், ஸல்ஹா.

புள்ள, அந்தக் கோழிய அந்த வருசப் பெருநாளைக்கே ஆக்கித் திண்டிட்டம். அணிலிட்ட ஒண்டும் இல்ல. நீ நித்திரையாக் கிடக்கக்குள்ள முரசில விரல் வெச்சுப் பாத்தனான். கட்டியா ரெண்டு முட்டுது. நீ கடவாய்ப் பல்லால கடிச்சும் போட்டாய்.

கோவமெண்டா ஏசு. கீழ இடம் விட்டிருக்கிறன். நாளைக்கு முதல் பாதையில ரெண்டு பேரும் டொக்டரிட்டப் போறமா, நான் மட்டும் வகுப்புக்குப் போறனா எண்டு நீதான் எழுதோணும். பென்சில் என்ட பையில இருக்கு.

5.